சுணக்கம், தயக்கம், டெமரேஜ்

கடந்த மார்கழி மழைக்குள், கிண்ணியாப் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவர் கோவையொன்றைச் சட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டு, திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள என் சிறிய கந்தோருக்கு வந்தார். வடிகான் கட்டும் கொந்தராத்து ஒன்று அவருக்குக் கிடைக்கவிருந்தது. அதற்கு வங்கி உத்தரவாதம், அதாவது வேலை பிசகினால் வேலை கொடுத்தவருக்கு ஒரு தொகையைத் தான் செலுத்துவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி, கொடுக்க வேண்டும். உத்தரவாதம் கொடுக்கும் வங்கியோ, அதற்கு ஈடாக அவரிடம் ஆறு பக்க ஆங்கில ஆவணமொன்றில் கையொப்பம் கேட்டிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுப்பேன் என்று அவர் உறுதியாக இருந்தார். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்புச் செய்துவரும் எனக்கு இத்தகைய பத்திரங்கள் புதியவையல்ல என்பதால் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். நான்காம் பக்கத்தில் ஒரு வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார். வேலை கொடுத்த தரப்பு எழுத்தில் கேட்டவுடன் வங்கி அந்தப் பணத்தைத் "தயக்கமின்றி" செலுத்தும் என்பது அந்த வரி.

"சேர், பாங்க் தயங்காமக் குடுக்கும் எண்டு போட்டிருக்கிறீங்க. தயங்கிப்போட்டுக் குடுத்தா என்ன? அஞ்சு நிமிசம் யோசிச்சா ஆருக்கு நட்டம்? எனக்குத் தெரிய வேண்டியது வேற. நான் வேலையைச் சரியாச் செய்து முடிச்சிருந்தும் அவங்க போய்க் காசைக் கேட்டா, பாங்க் எனக்காக ஒரு வார்த்தை பேசுமா, பேசாதா?"

"பேசாது நானா," என்றேன்.

"அது இதில இல்லையே, சேர்."

உண்மையில் இல்லை. ஆங்கில மூலத்தில் 'வித்அவுட் டிமர்' என்று இருந்தது. வங்கி உத்தரவாதங்களில் அந்தச் சொற்றொடர் கிட்டத்தட்ட மந்திரம் போல வரும். அகராதியில் டிமர் என்ற சொல்லுக்கு எதிரே 'தயக்கம்' என்று முதலில் போட்டிருந்ததை, அலுப்பான பிற்பகலொன்றில் நான் அப்படியே எடுத்து வைத்திருந்தேன். பிழை சிறியது, ஆனால் அதன் கீழே கையொப்பமிடுகிறவருக்கு அது சிறியதல்ல. பத்திரத்தைத் திருத்தித் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு அந்தச் சொல்லோடு உட்கார்ந்தவன், ஒரு கிழமைக்கு மேல் அதை விட்டு எழும்பவில்லை.

டிமர் என்ற வினைச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்குத் தயக்கம் என்ற பொருளே கிடையாது. இலத்தீனில் 'மோரா' என்றால் தாமதம். அதிலிருந்து தங்கி நிற்பதைக் குறிக்கும் 'டெமொராரி' என்ற வினை பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தை வந்தடைந்தது. அன்று அதன் பொருள் சுணங்குதல், ஓரிடத்தில் நின்றுவிடுதல், அவ்வளவுதான். ஈழத்துத் தமிழில் சுணக்கம் என்று நாம் நாளுக்குப் பத்து முறை சொல்கிறோமே, "ஏன் இவ்வளவு சுணங்கினீங்கள்?" என்று வாசலில் வைத்தே கேட்கிறோமே, அந்தச் சுணக்கத்துக்கு மிக நெருங்கிய சொல் அது. கோவித்துக்கொள்ளாத, குற்றமும் சாட்டாத, வெறும் பிந்துதல்.

அந்தச் சுணக்கத்துக்கு வாய் முளைத்தது நீதிமன்றத்தில்தான். இங்கிலாந்தின் பழைய வழக்கு முறையில், எதிராளி சொல்லும் கதை முழுவதும் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் சட்டப்படி அதில் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு தரப்பு சொல்ல முடியும். அப்படிச் சொன்னவர் அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்க மாட்டார். சாட்சி கொண்டுவர மாட்டார், மறுப்புக் கதை சொல்ல மாட்டார், நீதிபதி தீர்மானிக்கும் வரை அந்தச் சட்டப் புள்ளியிலேயே தங்கி நிற்பார். அந்தத் தங்கி நிற்றலுக்கு 'டிமரர்' என்று பெயர். இங்கிலாந்தின் உரிமையியல் வழக்குகளில் அது 1883இல் ஒழிக்கப்பட்டுவிட்டது; ஆனாலும் அதற்குள் சொல் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து, 17ஆம் நூற்றாண்டிலிருந்தே மென்மையாக ஆட்சேபிப்பதைக் குறிக்கும் பொதுச்சொல்லாகியிருந்தது. ஒருவர் டிமர் செய்தார் என்றால் அவர் உரத்து மறுக்கவில்லை, கோபிக்கவில்லை. 'எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை' என்பதை நின்ற நிலையாலேயே தெரியப்படுத்தினார் என்று பொருள். ஆகவே அந்தச் சொல்லில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. கீழே கிடப்பது தாமதம், மேலே மிதப்பது ஆட்சேபம், தயக்கம் இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய தோல். நான் அந்தத் தோலை மட்டும் உரித்துத் தமிழில் ஒட்டியிருந்தேன்.

இவ்வளவையும் புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இந்தச் சொல்லின் உடன்பிறப்பு ஒன்று எங்கள் வீட்டில் சோறு போட்டது என்பது நினைவுக்கு வந்தது. டெமரேஜ் என்ற அந்தச் சொல்லைத் துறைமுகத்தோடு தொழில் தொடர்புடைய திருகோணமலை வீடுகளில் பிள்ளைகளும் சொல்லும். தாமதக் கட்டணம் என்று எழுத்துத் தமிழில் எழுதுவார்கள். ஆனால் டொக்கில் அப்படிச் சொன்னவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

அப்பா கப்பல் முகவர் நிறுவனமொன்றில் கணக்கெடுக்கும் எழுதுவினைஞராக இருந்தார். சரக்குக் கப்பலை வாடகைக்கு எடுக்கிறவருக்கு, ஏற்றவும் இறக்கவும் இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் ஒரு கால அளவு குறித்துக் கொடுக்கப்படும். அதைத் தாண்டினால் கப்பல் உரிமையாளருக்கு நாள் கணக்கில் செலுத்த வேண்டிய பணமே டெமரேஜ். ஆறு நாள் தவணையுள்ள கப்பல் எட்டரை நாள் நின்று, நாளுக்கு 10,000 டொலர் என்று பேசியிருந்தால், அந்த இரண்டரை நாளுக்கு 25,000 டொலர் போய்விடும். முன்கூட்டியே வேலையை முடித்தால் மிச்சப்பட்ட நேரத்துக்குக் கப்பல் தரப்பு பணம் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. வழக்கமாக அது டெமரேஜ் வீதத்தில் பாதி. கப்பல் சும்மா நிற்பதற்கு இப்படி மணிக்கணக்கில் விலை போட்ட தொழிலில், யார் எந்த நிமிடத்தில் எதற்காக நின்றார் என்று எழுதிவைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா.

எங்கள் துறைமுகத்தின் ஆழத்தையும் காற்றுக்கு அதிலுள்ள ஒதுக்கையும் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவ மழை விடாமல் கொட்டும் ஊர் இது. மூட்டைச் சீமெந்து, உரம், கோதுமை போன்ற சரக்குகள் மழையில் நனையக் கூடாது. துளி விழுந்ததும் சரக்கறை மூடியை இழுத்துச் சாத்துவார்கள், வேலை நிற்கும். ஒப்பந்தத்தில் வானிலை அனுமதிக்கும் வேலை நாட்களே கணக்கு என்று எழுதியிருந்தால் அந்த மழை நேரம் தவணையிலிருந்து கழிக்கப்படும். ஆகவே மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்பதை நிமிடம் பிசகாமல் எழுத வேண்டும். சரக்குக்காரருக்கு மழை நீண்டால் நல்லது, கப்பல் தலைவருக்கு மழை குறைந்தால் நல்லது.

பாடசாலை விடுமுறையில் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோன ஒரு நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இறங்குதுறையின் தகரக் கூரைக்குக் கீழே, பலகையில் கவ்விய தாளோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் சரக்குக்காரரின் ஆள், "ஐயா, மழை வந்திட்டுது, எழுதுங்கோ" என்றார். மறுபக்கம் கப்பல் அதிகாரி ஒருவர், வெள்ளைச் சட்டைக்காரர், வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பென்சிலைக் காதில் செருகிவிட்டு, கூரைக்கு வெளியே உள்ளங்கையை மலர்த்தி நீட்டினார். மணிக்கட்டு ரோமத்தில் பொடிப்பொடியாக ஈரம் படிந்தது. உள்ளங்கையில் எதுவும் தேங்கவில்லை. கையை உள்ளே இழுத்துப் பார்த்தார், மறுபடி நீட்டினார். பிறகு தாளை நீட்டி அதில் பிடித்தார். இரண்டு துளி விழுந்து காபன் தாளின் நீலம் பூப்போல விரிந்ததும், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அது மழையா தூறலா என்று தீர்மானிக்க அவருக்குப் பிடித்த நேரம் நான்கு நிமிடமாவது இருக்கும். அந்த நான்கு நிமிடமும் யாருடைய கணக்கில் போனது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா அடிக்கடி சொல்லும் விதியொன்று உண்டு: டெமரேஜ் தொடங்கும் வரைதான் மழையும் ஞாயிற்றுக்கிழமையும் கழிவு, தொடங்கிவிட்டால் எல்லா நாளும் ஓடும் நாள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால் உலகம் முழுவதிலும் கப்பல் வழக்குகளில் பின்பற்றப்படும் விதி அது. ஒருமுறை சுணக்கத்துக்குள் விழுந்தவருக்குப் பின்னர் வானம் கொட்டினாலும் சலுகையில்லை. அப்பா இதை எங்கள் பரீட்சைக்கும் அம்மாவின் சீட்டுக்காசுக்கும் சேர்த்தே சொல்லுவார்.

டெமரேஜ், டிமர் இரண்டுக்கும் வேரான அந்த மோரா வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஓட்டோ ஓட்டுகிற தம்பிமாருக்கெல்லாம் பழக்கமான மொரட்டோரியம் அதன் பேரப்பிள்ளை: தவணைப் பணத்தைச் சுணக்குவதற்கான அனுமதி. மொழியியலாளர்கள் அந்தச் சொல்லை வேரோடு எடுத்து, எழுத்தொலி நிலைக்கும் கால அளவுக்கு 'மோரா' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நாம் அதை மாத்திரை என்கிறோம். கண்ணிமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வரையறுத்த அதே மாத்திரைதான்; குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அப்பாவின் நேரத்தாளும் ஒரு வகை மாத்திரைக் கணக்கென்று எனக்குத் தோன்றியது. இதைச் சொன்னபோது தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா சிரித்துவிட்டு, "அப்ப உன்ர கொப்பர் அளபெடைக்குக் காசு வாங்கினவர்" என்றார்.

ஆங்கிலத்தில் தயக்கத்துக்கு வழக்கமான சொல் ஹெசிடேட். அதன் இலத்தீன் வேருக்கு ஒட்டிக்கொள்ளுதல் என்று பொருள். ஒட்டும் பசையைக் குறிக்கும் அட்ஹீசிவ் என்ற சொல்லும் அந்த வேரில் முளைத்ததே. சேற்றில் கால் புதைந்து, இழுக்க இழுக்க வராமல் நிற்பவரின் படம் அதில் இருக்கிறது. இலத்தீனில் அதே வினை திக்கிப் பேசுவதையும் குறித்தது, நாக்கும் ஒட்டிக்கொள்ளுமல்லவா?

தமிழ்த் தயக்கத்தின் படம் முற்றிலும் வேறு. சங்கப் பாட்டில் தயங்குதல் என்றால் அசைதல், ஒளிவிட்டு அலைதல். அகநானூற்றில் "தயங்குதிரைப் பெருங்கடல்" என்று வருகிறது. அங்கே கடலுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அலை அசைந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. அந்த அசைவு மனத்துக்குள் வந்தபோது இன்றைய பொருள் பிறந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் தயங்கும்போது ஒட்டிக்கொள்கிறார், நாம் தயங்கும்போது ஆடுகிறோம் என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்திலும் ஆடும் தயக்கத்துக்குச் சொற்கள் இருக்கின்றன என்பதால் இதை அதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை. மாலையில் டச்சுக்குடாக் கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பழைய பொருளை விளக்கத் தேவையில்லை. கரைக்கு வந்த அலை உடையலாமா திரும்பலாமா என்பதுபோல ஒரு கணம் விளிம்பில் மினுங்கும். தயங்கு திரை என்பது அதுதான் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன்.

தூங்குதலின் கதை இன்னும் சுவையானது. தூக்கணாங்குருவிக் கூட்டில் தொங்குதல் என்ற பொருளோடு அது இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. தொங்குவது ஆடும், ஆடுவது எங்கேயும் போய்ச் சேராது, ஆகவே தாமதித்தலும் தூங்குதலாயிற்று. உறக்கமும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்ற 672ஆம் குறளைப் பாடசாலையில் படித்தபோது, வள்ளுவர் உறங்கச் சொல்கிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சுணங்கிச் செய்ய வேண்டியதைச் சுணங்கிச் செய், உடனே செய்ய வேண்டியதில் சுணங்காதே என்பது அதன் செய்தி. சுணக்கத்தை முழுக்கக் குற்றமாக்காமல், அதற்கும் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்த குறள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இவ்வளவு சொற்கள் இருந்தும், தயக்கத்தின் வழியாக ஆட்சேபிப்பதற்கு, அதாவது டிமர் செய்வதற்கு, தமிழில் தனி வினைச்சொல் எனக்கு அகப்படவில்லை. மறுத்தல் உரத்தது. ஆட்சேபித்தல் நீதிமன்றத்து வாடை அடிப்பது. மென்று விழுங்குதலில் கோழைத்தனம் கலந்திருக்கிறது. சொல்தான் இல்லையே தவிர, அந்தச் செயல் எங்கள் வீடுகளில் நாள் முழுவதும் நடக்கிறது. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் கருவி "பார்ப்பம்" என்பது.

மனையாவெளியில் நாங்கள் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கலியாண வீடொன்றுக்குப் போட்டுக்கொண்டு போக அம்மாவின் அட்டியலை இரவல் கேட்டு வந்தார். அம்மா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன அக்கா, பார்ப்பம்" என்றார். சீனி கரைந்த பிறகும் கரண்டி கோப்பைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வந்தவர் தேநீரைக் குடித்தார், அன்றைய மீன் விலையைப் பற்றிப் பேசினார், கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அட்டியல் பேச்சு அதற்குப் பிறகு எழவேயில்லை, இருவருக்கும் இடையில் மனத்தாங்கலும் வரவில்லை. அம்மா மறுத்தாரா என்று கேட்டால் இல்லை. சம்மதித்தாரா என்றால் அதுவுமில்லை. அந்தக் கரண்டி கோப்பைக்குள் சுற்றிய கூடுதல் நேரம்தான் பதில்.

இதையெல்லாம் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் டிமரை டிமியூர் என்று நினைத்துக்கொண்டு, அது போன வருடத்துப் பழசு மாமா என்றாள். அடக்கமும் நாணமும் கலந்த தோற்றத்தைக் குறிக்கும் டிமியூர், 2024இல் டிக்டொக்கில் பரவி, இணைய அகராதியொன்றின் அந்த ஆண்டுக்குரிய சொல்லாகத் தெரிவானது எனக்கும் தெரியும். இரண்டும் ஒரே வேரா என்பதில் சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் பெண் அடக்கமாக இருக்கிறாள் என்று சபையில் சொல்லப்படும்போது, அவள் ஒருவேளை ஆட்சேபித்துக்கொண்டிருக்கிறாளோ என்று யாரும் கேட்பதில்லை என்ற அளவில், அந்தக் குழப்பம் அவ்வளவு பிழையானதல்ல என்று பட்டது.

பத்திரத்துக்கு வருவோம். "மறுபேச்சின்றி" என்று முதலில் திருத்தினேன். அது வங்கியின் வாயைக் கட்டியது, ஆனால் சுணக்கத்தை விட்டுவிட்டது; வங்கி மறுபேச்சுப் பேசாமலே மூன்று மாதம் இழுத்தடிக்கலாம் என்று ஒருவர் வாதாட இடமிருந்தது. "உடனடியாக" என்பது அதே வரியில் முன்பே வேறொரு சொல்லுக்காக வந்துவிட்டது. கடைசியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பிடிவாதத்தைக் கைவிட்டு, "எவ்வித ஆட்சேபமும் எழுப்பாமலும், அதைக் காரணமாக வைத்துச் சுணக்காமலும்" என்று எழுதினேன். சுணக்கம் வழக்குச் சொல்லாயிற்றே, சட்டப் பத்திரத்துக்கு ஆகுமா என்று கொஞ்சம் யோசித்தேன். இந்த ஊரில் அதை விளங்காதவர் இல்லை என்பதால் அப்படியே விட்டேன்.

நானா மறுநாள் வந்து, மேசைக்கு எதிரே அமர்ந்து, அந்த வரியை வாய்க்குள் இரண்டு தரம் வாசித்தார். "அப்ப நான் சரியாச் செய்தாலும் அவங்க கேட்டாக் குடுத்திருவாங்க. பிறகு நான்தான் கோட்டுக்குப் போகணும்."

"ஓம் நானா. இதில எழுதியிருக்கிறது அதுதான்."

வங்கியின் பத்திரத்தையும் என் தமிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்புகளை மேசையில் தட்டிச் சமப்படுத்தினார். என் கட்டணத்தை எண்ணி வைத்தார். வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்று, போகலாமா என்று பார்ப்பவர்போல ஒரு கையை வெளியே நீட்டினார்.

"எப்ப கையெழுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பார்ப்பம் சேர்," என்றார்.